அப்பாவின் தேக்குப் பெட்டி

கேள்வி: என் அப்பா பினாங்கில், கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடை ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்தவர். 1972இல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கி, மன்னார்குடியிலேயே தங்கிவிட்டார். குடிப்பழக்கம் இல்லாதவர். போன வருடம் காலமானார். பரணில் இருந்த அவருடைய தேக்குப் பெட்டியை இப்போதுதான் திறந்தோம். உள்ளே ஒரு ஜானி வாக்கர் ரெட் லேபிள், ஹென்னெஸி மூன்று நட்சத்திர பிராந்தி இரண்டு, தாத்தா காலத்து எக்ஷா பிராந்தி ஒன்று (பாதிதான் இருக்கிறது), பச்சை நிறத்தில் சதுரமான காலி பாட்டில் ஒன்று. மரச்சட்டத்துக்குள் பூட்டியபடி மூன்று கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் கறுப்பாக ஏதோ இருக்கிறது, சாவி இல்லை. சங்கிலி கோத்த சின்ன வெள்ளித் தகட்டில் ஆங்கிலத்தில் பிராந்தி என்று வெட்டியிருக்கிறது. கோலி சோடா பாட்டிலும் ஒரு டஜன். ஒரு வியாபாரி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் தருகிறேன் என்கிறார். லண்டனில் இருக்கும் தம்பி, ஏலத்தில் விட்டால் லட்சக்கணக்கில் போகும் என்கிறான். அவனே அங்கே பழைய விஸ்கி ஏலம் எடுக்கவும் ஆரம்பித்துவிட்டான். அம்மாவோ எல்லாவற்றையும் கொல்லையில் ஊற்று என்கிறார். என்ன செய்யலாம்? நாங்கள் பிள்ளைகள் மூன்று பேர். ஆளுக்கொரு குடுவை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆளுக்கொரு குடுவை என்ற பேச்சை இன்றோடு நிறுத்திவிடுங்கள். விலை, சட்டம், ஏலம் எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம். ஆனால் பிரித்துக் கொடுத்த பொருளைத் திரும்பச் சேர்ப்பது அநேகமாக முடியாது. கும்பகோணத்தில் பழைய வீட்டுச் சாமான்களுக்கு மதிப்புப் போட்டுக் கொடுப்பதுதான் 31 வருடமாக என் தொழில். நான் பார்த்த சேதங்களில் கரையானும் வெள்ளமும் செய்ததைவிடப் பாகப்பிரிவினை செய்ததுதான் அதிகம்.

நீங்கள் சொல்லும் மரச்சட்டத்துக்கு டான்டலஸ் என்று பெயர். டான்டலஸ் என்பவன் கிரேக்கக் கதையில் வருகிறவன். கழுத்தளவு தண்ணீரில் நிற்பான், குடிக்கக் குனிந்தால் தண்ணீர் இறங்கிவிடும். இந்தச் சட்டத்திலும் குடுவைகள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் மேலே குறுக்குச் சட்டம் ஒன்று மூடிகளை அழுத்திப் பிடித்திருப்பதால், சாவி இல்லாமல் எடுக்க முடியாது. வீட்டு வேலைக்காரர்கள் எடுத்துக் குடித்துவிடக் கூடாது என்பதற்காக விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் பரவிய சாமான் இது. லண்டனில் பெட்ஜமன் என்ற நிறுவனம் 1881இல் இதற்குக் காப்புரிமை வாங்கியது. உங்களுடையதில் பூட்டின் மேலோ உலோகப் பட்டையிலோ அந்தப் பெயர் பொறித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மூன்று குடுவையும் ஒரே சட்டத்துக்கென்று அளவெடுத்து வெட்டியவை. அந்தக் காலத்து நல்ல குடுவைகளில் ஒவ்வொரு மூடியையும் அதனதன் கழுத்துக்கு ஏற்ப அரைத்துப் பொருத்துவார்கள். மாறிவிடக் கூடாது என்று மூடியின் அடித்தண்டிலும் குடுவையின் கழுத்திலும் ஒரே எண்ணைச் சின்னதாகக் கீறி வைப்பதும் உண்டு. பூட்டு திறந்ததும் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். குடவாசல் பக்கம் ஒரு வீட்டில் இதே மாதிரி மூன்று குடுவையை மூன்று சகோதரர்கள் எடுத்துக்கொண்டார்கள். சட்டம் மட்டும் மூத்தவர் வீட்டுத் திண்ணையில் கிடந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து ஒன்றாக விற்கலாம் என்று என்னைக் கூப்பிட்டபோது, ஒரு குடுவையில் மணி பிளான்ட் வளர்ந்துகொண்டிருந்தது. இன்னொன்றின் மூடி விளிம்பு உடைந்திருந்தது. மூன்றாவது குடுவைக்கு வேறு குடுவையின் மூடி வந்திருந்தது, எண் பொருந்தவில்லை. முழுதாக இருந்தால் இங்கிலாந்து ஏலத்தில் சில நூறு பவுண்டுக்குப் போகக்கூடிய பொருள் அது. நான் அவர்களுக்கு எழுதிக் கொடுத்த மதிப்பை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

அந்தக் குடுவையில் இருக்கும் கறுப்புத் திரவத்தை யாரும் நாக்கில்கூட வைக்கக் கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்தக் காலத்து வெட்டுக் கண்ணாடிக் குடுவைகள் பெரும்பாலும் ஈயம் கலந்த கிரிஸ்டல். கண்ணாடிக்கு அந்த மினுமினுப்பைக் கொடுப்பதே ஈயம்தான். சாராயம் உள்ளே கிடக்கக் கிடக்க ஈயம் மெல்லக் கரைந்து அதில் இறங்கும். 1991இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், ஐந்து வருடத்துக்கு மேல் கிரிஸ்டல் குடுவையில் கிடந்த பிராந்தியில் லிட்டருக்கு 20,000 மைக்ரோகிராம் வரை ஈயம் இருந்தது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். உங்கள் வீட்டுக் குடுவையில் எத்தனை வருடமாகக் கிடக்கிறதோ! அதோடு அது பிராந்திதானா என்பதும் யாருக்கும் தெரியாது. மெத்தனால் கலந்திருந்தால் வாசனையாலோ ருசியாலோ கண்டுபிடிக்க முடியாது. 2024இல் கள்ளக்குறிச்சியில் நடந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அம்மா கொல்லையில் ஊற்றச் சொன்னாரே, இந்த ஒன்றை மட்டும் அப்படியே செய்யுங்கள். கிணற்றுப் பக்கமோ கீரைப் பாத்திப் பக்கமோ வேண்டாம்.

சரி, மூடியிருக்கும் பாட்டில்களுக்கு வருவோம்.

உங்கள் தம்பி ஐம்பது வருடத்துக்கு மேல் பழசான விஸ்கி என்று கணக்குப் போடுகிறார். என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இதே கணக்கோடுதான் வருகிறார்கள். விஸ்கிக்கும் பிராந்திக்கும் வயது ஏறுவது மரப்பீப்பாயில் இருக்கும்போது மட்டும்தான். ஸ்காட்ச் என்று பெயர் போட வேண்டுமானால் ஸ்காட்லாந்தில் குறைந்தது 3 வருடம் ஓக் பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். பாட்டிலில் அடைத்து மூடியை அழுத்திய அன்றோடு வயது நின்றுவிடும். சில வைன்கள் பாட்டிலுக்குள்ளும் பக்குவப்படும், விஸ்கியும் பிராந்தியும் அப்படி இல்லை. உங்கள் அப்பா வாங்கிய ஹென்னெஸி மூன்று நட்சத்திரம் இன்றும் மூன்று நட்சத்திரம்தான். ஐம்பது வருடம் பெட்டிக்குள் இருந்ததால் அது உயர்ந்த ரகம் ஆகிவிடாது. அப்புறம் ஏன் பழைய பாட்டிலுக்கு விலை தருகிறார்கள் என்றால், அந்தக் காலத்தில் வடித்த முறையும் கலவையும் இன்று கிடையாது, மிஞ்சியிருக்கும் பாட்டில்களும் கொஞ்சம். அந்தச் சரக்கு அன்று இருந்தபடியே இன்றும் இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள்.

அதை எதை வைத்துப் பார்ப்பார்கள்? முதலில் உள்ளே இருக்கும் அளவு. ஏலக்காரர்கள் பாட்டிலை மனிதனைப் போலப் பிரித்துச் சொல்வார்கள்: கழுத்து, மேல்தோள், நடுத்தோள், கீழ்த்தோள். கழுத்து வரை நிறைந்திருந்தால் நல்லது. மேல்தோளில் நின்றால் அந்த வயதுக்குப் பரவாயில்லை. கீழ்த்தோளுக்கு இறங்கிவிட்டால் வாங்குகிறவர் யோசிப்பார். அளவு குறைந்தது என்றால் மூடி வழியாக ஆவி போயிருக்கிறது, அதே வழியாகக் காற்று உள்ளே வந்திருக்கிறது, சாராயத்தின் காரம் இறங்கியிருக்கும். உங்கள் பெட்டி இருந்த இடம் பரண் என்று எழுதியிருக்கிறீர்கள். சித்திரை வைகாசியில் மன்னார்குடி ஓட்டு வீட்டுப் பரண் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரில் வடிக்கிறவர்களுக்கு அதுவே 10 சதவீதத்துக்கு மேல். அது மரப்பீப்பாய்க் கணக்கு, கண்ணாடி அவ்வளவு விடாது. ஆனாலும் வெயிலின் குணம் அதுதான். பகலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியை முட்டும், இரவில் சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். ஐம்பது வருடம் தினமும் இது நடந்திருக்கிறது. அதனால் இன்றே பாட்டில்களைப் பரணிலிருந்து இறக்குங்கள். வெயில் படாத உள்ளறையில், தரையோடு ஒட்டிய அலமாரித் தட்டில் வையுங்கள். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். வைன் பாட்டிலைப் படுக்க வைப்பார்கள் என்று கேட்டிருப்பீர்கள். விஸ்கியைப் படுக்க வைத்தால் சாராயம் தக்கையை அரித்துவிடும். ஃபிரிட்ஜ் வேண்டாம். பாச்சை உருண்டையும் வேண்டாம், அதன் நெடி தக்கை வழியாக உள்ளே போகும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் லேபிளில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ராமபாணப் பூச்சிக்கு லேபிளின் பசை என்றால் உயிர். லேபிளைத் துடைக்கவோ பிய்ந்த ஓரத்தை ஒட்டவோ முயல வேண்டாம். பிய்ந்திருந்தால் பிய்ந்தபடியே இருக்கட்டும்.

ஜானி வாக்கரின் சதுர பாட்டிலும் சாய்ந்த லேபிளும் 1860களிலிருந்தே வருபவை. கைத்தடியோடு நடக்கும் மனிதர் 1908இல் சேர்ந்தார், ரெட் லேபிள் என்ற பெயர் 1909இல் வந்தது. ஆகவே அதை வைத்து மட்டும் வயது சொல்ல முடியாது. மூடியைப் பாருங்கள். திருகு மூடியாக இல்லாமல், உலோகத்தொப்பி ஒன்று விற்கம்பியோடு நெம்பித் திறக்கிற மாதிரி இருந்தால் அது ஸ்பிரிங் மூடி. அது 1930களிலிருந்து 1960கள் வரை புழக்கத்தில் இருந்தது. லேபிளில் அளவு எப்படிப் போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். 26 2/3 அவுன்ஸ் என்று இருந்தால் மெட்ரிக் கணக்கு வருவதற்கு முந்தையது. 75 சென்டிலிட்டர் என்று மட்டும் இருந்தால் பிந்தையது. காரத்தை 70 டிகிரி ப்ரூஃப் என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், பழைய பிரிட்டிஷ் கணக்கில் அது 40 சதவீதம்தான். அரச முத்திரைக்குக் கீழே மன்னர் பெயர் இருக்கிறதா, ராணி பெயர் இருக்கிறதா என்பதும் உதவும். மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்து எலிசபெத் ராணி வந்தது 1952இல். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

எக்ஷா பிராந்தியைப் பற்றிப் படித்ததும் எனக்கு மனசு நின்றுவிட்டது. 1805இல் தொடங்கிய பிரெஞ்சு பிராந்திக் கம்பெனி அது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியா முழுக்க எக்ஷா நம்பர் ஒன் பிரபலம். நம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பிராந்தியை மருந்து அலமாரியில் வைத்திருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு ஸ்பூன், மார்ச்சளிக்கு ஒரு ஸ்பூன். உங்கள் தாத்தா காலத்து பாட்டில் பாதி காலியானதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். குடிக்க அது உதவாது, விஸ்கி சேர்ப்பவர்களுக்கும் அது வேண்டாம். ஆனால் பாட்டிலின் பின்பக்கத்தில் இறக்குமதி செய்த சென்னைக் கடையின் சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பென்சர் மாதிரிக் கடைகள் தங்கள் சீட்டை ஒட்டி விற்பது வழக்கம். அப்படி ஒன்று இருந்தால், என்னைப் பொறுத்தவரை உங்கள் பெட்டியில் உள்ள காகிதங்களிலேயே அதுதான் அருமையானது.

பச்சைச் சதுர பாட்டில் ஜின் பாட்டிலாக இருக்க வேண்டும். அடி குறுகி, தோள் அகன்றிருக்கிறதா? டச்சுக்காரர்கள் ஜூனிப்பர் காய் போட்டு வடித்த சாராயத்தை இந்த மாதிரி பாட்டிலில் அடைத்து, மரப்பெட்டியில் இடைவெளி இல்லாமல் அடுக்கிக் கப்பலில் ஏற்றுவார்கள். வட்ட பாட்டிலானால் இடம் வீணாகும், அதனால்தான் சதுரம். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். அதை வைத்து, இது அந்தக் காலத்து பாட்டில் என்று யாராவது உங்களிடம் அடித்துச் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். இதே வடிவத்தில் இருபதாம் நூற்றாண்டு வரை பாட்டில் செய்தார்கள். அடியில், கண்ணாடியைப் பிடித்திருந்த இரும்புக்கோலை முறித்தெடுத்த கரடுமுரடான வடு இருந்தால் கையால் ஊதியது, பழசு. பக்கவாட்டுத் தையல்கோடு வாய்விளிம்பு வரை ஓடினால் மெஷினில் செய்தது, 1903க்குப் பிந்தையது. கோலி சோடா பாட்டில் லண்டனில் ஹைரம் காட் என்பவர் 1872இல் காப்புரிமை வாங்கிய வடிவம். கண்ணாடியில் கம்பெனிப் பெயரும் ஊர்ப்பெயரும் எழும்பியிருப்பவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள், மற்றவை சாதாரணம்.

வெள்ளித் தகட்டைத் தயவுசெய்து விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் வெள்ளி என்றால் கை தானாக விபூதிக்குப் போகும், பித்தளை என்றால் புளிக்குப் போகும். இந்தத் தகட்டின் மதிப்பு அதன் பின்பக்க முத்திரைகளில் இருக்கிறது. நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி, நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் முத்திரை வைத்தது, சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன், ஓர் எழுத்து இருந்தால் அது வருடக் குறி. நாலு தடவை அழுத்தித் தேய்த்தால் இவை மழுங்கிவிடும். சென்னை பி.ஆர் அண்ட் சன்ஸ் கடை முத்திரையாக இருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள், ஆசையாகப் பார்ப்பேன். குடுவையின் கழுத்தில் மாலைபோல் தொங்கவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுவதற்கான தகடு இது. டான்டலஸோடு சேர்ந்தே இருக்கட்டும்.

இனி சட்டம். இதில் கவனமாக இருங்கள்.

தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருப்பது 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம். கடைகள் திறந்திருப்பது அந்தச் சட்டத்துக்குள் அரசு கொடுத்திருக்கும் அனுமதியால். 2003இலிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில்தான். உரிமம் இல்லாத தனி ஆள், சரக்கு உள்ள பாட்டிலை ஏலம் விடுவதும், வாட்ஸப்பில் விலை பேசுவதும், கூரியரில் அனுப்புவதும் குற்றம். பாட்டில் எத்தனை பழசாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. காரைக்கால் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அங்கே புதுச்சேரிக்கென்று தனி ஆயத்தீர்வைச் சட்டம் இருக்கிறது, அங்கேயும் விற்க உரிமம் வேண்டும். வாஞ்சூர் சோதனைச் சாவடியில் இந்தப் பாட்டில்களோடு நீங்கள் நிற்கும் காட்சியை நான் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை. நாற்பதாயிரம் சொன்ன வியாபாரியிடம் மூன்று முழு பாட்டில், அரை பாட்டில் என்று எதையும் கொடுக்காதீர்கள். அவர் குறி வைப்பது டான்டலஸையும் வெள்ளித் தகட்டையும்தான் என்பது என் கணிப்பு. பாட்டிலையும் சேர்த்துக் கொடுத்தால் சிக்கல் உங்களுக்கும்தான். வீட்டில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு விதியில் அளவு உண்டு. உங்கள் மாவட்ட ஆயத்தீர்வை அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று கேட்கிறேன். அப்பா 1972இல் வந்து இறங்கினார் என்கிறீர்கள். 1971இல் இங்கே மதுவிலக்கு தளர்ந்து, 1974இல் திரும்ப வந்தது. அவர் வந்தது அந்த நடுவில் உள்ள காலம். நாகப்பட்டினத்தில் இறங்கியபோது கஸ்டம்ஸில் கொடுத்த ரசீது, பெட்டிச் சாமான் பட்டியல், கப்பல் டிக்கெட், பினாங்குக் கடை பில் என்று ஏதாவது அவருடைய காகிதங்களில் இருக்கும். பாஸ்போர்ட்டோடு சேர்த்து மடித்து வைத்திருப்பார். தேடி எடுங்கள். இந்தச் சரக்கு எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது என்று கேட்டால் காட்ட அதுதான் ஆதாரம். பழம்பொருள் உலகத்திலும் ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதற்குக் காகிதம் இருந்தால் அதன் மதிப்பே வேறு. ரஜூலா கப்பல் டிக்கெட்டோடு, ஒரே பெட்டியில், ஒரே குடும்பத்தில் இருந்த பொருள்கள் என்றால், கடல்வழிப் போக்குவரத்தைப் பற்றிச் சேகரிப்பவர்களும் அருங்காட்சியகத்துக்காரர்களும் கவனிப்பார்கள். தனித்தனியாகப் போனால் அந்த ஜானி வாக்கர் ஆயிரம் பாட்டில்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

டான்டலஸ், தகடு, சதுர பாட்டில் மூன்றுக்கும் மதுச்சட்டம் கிடையாது, ஆனால் 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் உண்டு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை சான்றிதழ் கொடுத்தால்தான் கஸ்டம்ஸில் விடுவார்கள். தம்பி லீவில் வந்து சூட்கேஸில் வைத்து எடுத்துப்போகிறேன் என்பார். கூடாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். நாட்டுக்குள்ளேயே விற்பதானால், உரிமம் வைத்திருக்கும் வியாபாரியிடமோ ஏல நிறுவனத்திடமோ தாராளமாகக் கொடுக்கலாம்.

தம்பி அங்கே ஏலம் எடுப்பதைப் பற்றி. அது அவர் இருக்கும் நாட்டில் சட்டப்படி நடப்பது, தடுக்க வேண்டியதில்லை. 2023 நவம்பரில் லண்டன் சதபீஸ் ஏலத்தில் மக்காலன் 1926 என்ற ஸ்காட்ச் விஸ்கி பாட்டில் ஒன்று 21 லட்சம் பவுண்டுக்கும் மேலே போனது. அந்தச் செய்தி பலருடைய தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அந்தப் பீப்பாயிலிருந்து அடைத்ததே 40 பாட்டில்கள்தான். அறுபது வருடம் பீப்பாயில் கிடந்த சரக்கு. உங்கள் வீட்டு ரெட் லேபிள் லட்சக்கணக்கில் அடைத்தது. ஸ்பிரிங் மூடி போட்ட சாதாரணக் கலவை விஸ்கி அங்கே பல நேரம் நூறு பவுண்டைச் சுற்றியே நிற்கும். அதிலும் கணக்கு இருக்கிறது. நூறு பவுண்டுக்குச் சுத்தியல் தட்டினால் நூறு பவுண்டோடு முடியாது. வாங்குகிறவர் கமிஷன் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 125. அந்தக் கமிஷன் மேல் 20 சதவீதம் வாட் வரி, இன்னொரு 5. ஆக 130, அனுப்பும் செலவும் இன்சூரன்சும் தனி. திரும்ப விற்கும்போது விற்பவர் கமிஷன். இடையில் விலை ஏறினால்தான் கை கடிக்காது. ஏறத்தான் செய்யும் என்று சொல்வதற்கில்லை. 2022க்குப் பிறகு பழைய விஸ்கிகளின் ஏல விலை நன்றாக இறங்கியிருக்கிறது. ஆன்லைன் ஏலத்தில் கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீண்டுகொண்டே போகும். நம் ஊரில் ஒரு தரம், இரண்டு தரம் என்று கத்தும்போது வரும் அதே வேகம் அங்கே தனியாக உட்கார்ந்திருக்கும்போதும் வரும். கமிஷனும் வரியும் சேர்த்து இவ்வளவுதான் என்று ஒரு காகிதத்தில் எழுதி எதிரே ஒட்டிவிட்டு அவர் உட்காரட்டும்.

போலிகள் இன்னொரு பயம். 2017இல் சுவிட்சர்லாந்தில் ஒரு ஓட்டலில், 1878ஆம் வருடத்து மக்காலன் என்று நம்பி ஒருவர் ஒரு சின்ன கிளாஸுக்கு 10,000 ஸ்விஸ் பிராங்க் அளவுக்குக் கொடுத்தார். பிறகு சந்தேகம் வந்து சோதித்தபோது அது 1970 முதல் 1972க்குள் வடித்தது, மக்காலனே இல்லாத கலவை விஸ்கி என்று தெரிந்தது. ஓட்டல்காரருக்கும் தெரியாது, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் விஷயம். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்ததில், காற்றில் இருந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பிறகு மெல்ல இறங்கிவருகிறது. அந்தந்த வருடம் வயலில் நின்ற பார்லி அந்தந்த வருடத்துக் காற்றைத்தானே உண்டு வளர்கிறது! அந்த அடையாளம் விஸ்கி வரைக்கும் வந்துவிடும். லேபிளில் 1878 என்று என்ன எழுதினாலும் பார்லி உண்மையைச் சொல்லிவிடும். 2018இல் ஸ்காட்லாந்து ஆய்வுக்கூடம் ஒன்றில் இப்படிச் சோதித்த 55 அரிய பாட்டில்களில் 21 போலி என்று வந்தது.

அவ்வளவு செலவான சோதனையைத் தம்பி செய்ய முடியாது. ஏல நிறுவனத்திடம் பாட்டிலின் நிலை பற்றிய அறிக்கை கேட்கட்டும். பாட்டிலை விளக்குக்கு எதிரே பிடித்து எடுத்த படம், மூடியின் நெருக்கப் படம், அடிப்பக்கப் படம் கேட்கட்டும். தர மறுத்தால் விட்டுவிடட்டும். என் சொந்த விருப்பம் வேறு. சேர்க்கும் ஆசை வந்துவிட்ட இளைஞர்களிடம் நான் பாட்டிலைவிட அதைச் சுற்றியிருந்த சாமான்களைச் சேர்க்கச் சொல்வேன். விஸ்கிக் கம்பெனிகள் மதுக்கடைகளுக்குக் கொடுத்த பீங்கான் தண்ணீர்க் கூஜாக்கள், பழைய தக்கைத் திருகிகள், கழுத்துத் தகடுகள். தக்கைத் திருகிக்கு முதல் காப்புரிமை 1795இல் இங்கிலாந்தில் ஹென்ஷல் என்ற பாதிரியார் வாங்கினார். அந்த வகையில் பார்த்துக் கற்றுக்கொள்ளவே ஒரு ஆயுள் போதாது. ஆவியாகாது, தக்கை கெடாது, குறைந்த பணத்தில் நல்லது கிடைக்கும். வீட்டில் வைத்தால் அம்மாவும் முகம் சுளிக்க மாட்டார். விஸ்கி வாங்கினால் அது லண்டனிலேயே இருக்கட்டும். ஊருக்கு வரும்போது வரியில்லாமல் கொண்டுவர ஒருவருக்கு 2 லிட்டர்தான் அனுமதி.

அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் கடினம். இத்தனை வருடம் பரணில் அப்படி ஒரு பெட்டி இருந்ததே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். குடிக்காத மனிதர் எதற்காக இதைச் சுமந்துகொண்டு வந்தார் என்ற கேள்வி அவருக்கு உறுத்தும். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையில் இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு ஜானி வாக்கரும் ஹென்னெஸியும் தினமும் கையில் புரண்ட சரக்கு. நம் ஊரில் மளிகைக்கடையில் இருந்தவர் ஓய்வு பெறும்போது தராசை வீட்டுக்குக் கொண்டுவருவாரே, அந்த மாதிரி. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். அப்படியும் சரக்கு வீட்டில் இருக்கக் கூடாது என்று அவர் சொன்னால், அவர் சொல்வதே நடக்கட்டும். நூறு பவுண்டு பெறக்கூடிய பொருளுக்காக எழுபது எண்பது வயதுத் தாயை வருத்த வேண்டாம். ஊற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்றியபின் காலி பாட்டிலைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நல்ல லேபிளோடு போகும் காலி பாட்டிலில்தான் போலிச் சரக்கை நிரப்புகிறார்கள். கழுவாமல், மூடியோடு, பெட்டியிலேயே திரும்ப வையுங்கள்.

டான்டலஸின் பூட்டை உடைக்க வேண்டாம், திருப்புளி வைத்து நெம்பவும் வேண்டாம். சாவி மிகச் சின்னதாக, குழல்போல் துளையோடு இருக்கும். அப்பாவின் மேசை இழுப்பறையைவிட, தாத்தா காலத்துப் பத்தாயச் சாவிக்கொத்தில் முதலில் தேடுங்கள். பெரிய சாவிகளுக்கு நடுவே எதற்கென்று தெரியாமல் ஒரு சின்னச் சாவி தொங்கிக்கொண்டிருக்கும்.